'ஷாலோம்' என்னும் ஒரு சொல்

சரித்திர பாடம் நடத்தும் உபாத்தியாயருக்கு ஆபத்து எந்தப் பெஞ்சியிலிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முன் பெஞ்சிப் பிள்ளைகள் பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகளையே கேட்பார்கள்; அவற்றுக்கு விடை நம் கைவசம் இருக்கும். கடைசிப் பெஞ்சியிலிருந்து கிளம்பும் கேள்விகள் வேறு ரகத்தைச் சேர்ந்தவை.

மேற்கு ஆசியாவின் சரித்திரத்தைச் சொல்லிக் கொண்டிருந்த ஒரு நாள், பேச்சுவாக்கில், "யூதர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால் 'ஷாலோம்' என்பார்கள். எபிரெய பாஷையில் அதற்குச் சமாதானம் என்று அர்த்தம்" என்றோம். உடனே கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன் எழுந்து நின்றான்.

"ஸார், காலையில் எழுந்தது முதல் ராத்திரி படுக்கிற வரையில் 'சமாதானம், சமாதானம்' என்றே சொல்லிக் கொண்டிருக்கிறார்களே, அவர்கள் தேசத்தில் ஏன் ஸார் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் விட்டுக் கொடுக்கவில்லை. "நாம்கூடத்தான் தினந்தோறும் 'சௌக்கியமா?' என்று கேட்கிறோம். அதனால் ஊரிலே ஆஸ்பத்திரிகளை மூடி விட்டார்களா?" என்று ஒரு போடு போட்டோம். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. மணி அடித்தது. தப்பித்தோம்.

ஆனால் அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கேட்டது வேடிக்கைக் கேள்வி அல்லவென்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நமக்கு உறைத்தது. கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை. கேட்டவனை உட்கார வைத்தோம், அவ்வளவுதான். உபாத்தியாயர் தொழிலில் இதைவிட எளிய பாவம் வேறில்லை. அந்த உறுத்தலால் சில வாரங்கள் அந்த ஒரு சொல்லின் பின்னாலேயே அலைந்தோம். அலைந்ததில் கிடைத்ததை நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு திருத்தம். "ஷாலோம் என்றால் சமாதானம்" என்று வகுப்பிலே சொன்னோமே, அது தவறல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. எபிரெயம், அரபி முதலிய ஸெமிட்டிக் பாஷைகளில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துக்களாலான வேரிலிருந்து கிளைக்கின்றன. வேர் மாறாமல் நிற்கும். உயிரொலிகளும் முன்னொட்டுகளும் மாற மாற அர்த்தம் கிளை கிளையாகப் பிரியும். 'ஷாலோம்' என்னும் சொல்லின் வேர் ஷ்-ல்-ம் என்னும் மூன்று ஒலிகள். அந்த வேரின் அடிப்படைப் பொருள் சண்டையின்மை அன்று, முழுமை. எதுவும் குறையாமல், எதுவும் உடையாமல், இருக்க வேண்டியது இருக்க வேண்டிய அளவில் இருப்பது.

'ஷலேம்' என்றால் முழுதானது. கணக்குப் பாடத்தில் முழு எண்ணுக்கும் எபிரெயத்தில் அந்தப் பெயர்தான். 'முஷ்லாம்' என்றால் குறையொன்றுமில்லாதது. 'லெஹஷ்லிம்' என்றால் குறையாக நின்ற வேலையைப் பூர்த்தி செய்வது. அதே சொல்லுக்குப் பகைத்தவனோடு ராஜியாவது என்றும் பொருள். உபாத்தியாயர்கள் விடுமுறைக் காலங்களில் பெறும் மேற்பயிற்சிக்கு அந்நாட்டில் 'ஹிஷ்தல்மூத்' என்று பெயர். அதாவது தன்னைப் பூரணமாக்கிக் கொள்ளுதல். அரைகுறையாகப் பதில் சொல்லி விட்டு மணி அடித்ததும் தப்பித்த உபாத்தியாயர் ஒருவர் இந்தச் சொல்லைக் கண்டு கூசியதில் ஆச்சரியமில்லை.

க்ஷேமம் விசாரித்தல்

எனவே 'ஷாலோம்' என்பதற்கு நம் பாஷையில் நெருங்கிய உறவினரைத் தேடினால், 'சமாதான'த்துக்கு முன்னால் 'க்ஷேமம்' வந்து நிற்கிறது. பழைய எபிரெய வேதத்தைத் தமிழாக்கியவர்களும் இந்த ஒரு சொல்லுக்காக இடத்துக்கு இடம் சமாதானம், சுகம், க்ஷேமம் என்று வெவ்வேறு சொற்களை ஆள வேண்டியதாயிற்று. ஆதியாகமத்தில் யாக்கோபு தன் மகன் யோசேப்பை அனுப்பும்போது, அண்ணன்மாரின் ஷாலோமை மட்டுமல்ல, ஆட்டு மந்தையின் ஷாலோமையும் பார்த்து வரச் சொல்லுகிறார். ஆடுகளுக்கு ஏது சண்டையும் சமாதானமும்? எல்லா ஆடுகளும் இருக்கின்றனவா, நொண்டாமல் நோகாமல் இருக்கின்றனவா என்பதே விசாரணை. அதே அத்தியாயத்தில் சற்று முன்னால், அந்த அண்ணன்மாரால் யோசேப்போடு ஷாலோமாகப் பேச இயலவில்லை என்றும் வருகிறது. தந்தை க்ஷேமம் விசாரிக்க அனுப்பிய பிள்ளையை, முகங்கொடுத்துப் பேச மாட்டாத சகோதரர்கள் குழியில் தள்ளிப் பிறகு விற்று விட்டார்கள். கதையின் விபரீதம் அந்தச் சொல்லிலேயே தொடங்கி விடுகிறது.

இன்றும் அந்நாட்டில் ஒருவரைக் கண்டால் 'மா ஷ்லோம்கா?' என்று கேட்கிறார்கள். பெண்பாலராயின் 'மா ஷ்லோமேக்?' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், "உன் ஷாலோம் என்ன?" என்று கேட்பதாகும். வெளியூரில் உள்ளவருக்கு விசாரித்ததாகச் சொல்லியனுப்புவதற்கு 'த்ரிஷத் ஷாலோம்' என்று பெயர். ஷாலோமைத் தேடுதல் என்று பொருள். "இவ்விடம் யாவரும் க்ஷேமம்; அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று நம் பாட்டனார்கள் கார்டுகளில் எழுதியது அச்சாக இதுதான். அவசர யுகம் அங்கேயும் வந்து விட்டபடியால், அந்த இரண்டு சொற்களின் முதல் எழுத்துக்களை மட்டும் சேர்த்து, "அவருக்கு ஒரு 'தாஷ்' சொல்" என்று முடித்து விடுகிறார்கள்.

வாரத்தில் ஏழாவது நாள் யூதர்களுக்கு ஓய்வு நாள். அது வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்ததும் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை பகலிலேயே காய்கறிக் கடைக்காரர், பஸ் டிரைவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் அனைவரும் ஒருவருக்கொருவர் 'ஷபாத் ஷாலோம்' கூறிக் கொள்வார்கள். இறந்து போனவரின் பெயரைச் சொல்ல நேர்ந்தால் 'அலாவ் ஹஷாலோம்', அதாவது அவர் மீது ஷாலோம் உண்டாகட்டும், என்று சேர்த்துச் சொல்வார்கள். ஆகாத பேச்சு எதையாவது வாய் தவறிச் சொல்லி விட்டால், நாம் "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக் கொள்வதுபோல், அவர்கள் 'ஹஸ் வெஷாலோம்' என்பார்கள்.

சந்திக்கும்போதும் ஷாலோம், பிரியும்போதும் ஷாலோம். இளைஞர்கள் மட்டும் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பெரியவர்கள் சரக்காக நினைக்கிறார்களாம். பிரியும்போது அரபிலிருந்து 'யல்லா'வையும் இங்கிலீஷிலிருந்து 'பை'யையும் கடன் வாங்கி 'யல்லா பை' என்று சொல்லிப் போய் விடுகிறார்கள். பாஷை அபிமானிகள் வருத்தப்படலாம். ஆனால், பல நூற்றாண்டுகளாக வழிபாட்டிலும் கல்வியிலும் எழுத்திலும் மட்டுமே பெரும்பாலும் வாழ்ந்து வந்த ஒரு பாஷையைச் சமையலறைக்கும் சந்தைக்கும் திரும்பக் கொண்டு வந்தவர்கள் இவர்களுடைய முன்னோர். எலியேஸர் பென் யெஹூதா என்பவர் 1881-ல் பாலஸ்தீனத்துக்குக் குடியேறினார். 1882-ல் பிறந்த தம் மகனுடைய காதில் எபிரெயம் தவிர வேறு பாஷை விழாதபடி வளர்த்தார். அவரைப் போன்றவர்கள் முயன்றிராவிட்டால், கடன் வாங்குவதற்குக்கூட அங்கே ஒரு பேச்சு மொழி இருந்திராது.

பிரியும் வேளையைப் பற்றி யூத ஞானிகள் ஒரு நுட்பம் சொல்லியிருக்கிறார்கள். உயிரோடிருப்பவரிடம் விடை பெறும்போது 'லெக் லெஷாலோம்' என்று சொல்ல வேண்டும். அதாவது ஷாலோமை நோக்கிப் போ. இறந்தவரிடம் விடை பெறும்போதுதான் 'லெக் பெஷாலோம்', அதாவது ஷாலோமில் போ, என்று சொல்ல வேண்டும். ஏனெனில் உயிரோடு இருப்பவன் இன்னும் ஷாலோமைச் சேர்ந்து விடவில்லை; அதை நோக்கி நடந்து கொண்டிருப்பவன். "போகிறேன்" என்று சொல்லாமல் "போய் வருகிறேன்" என்றே சொல்லப் பழகிய நம்மவர்களுக்கு, ஓர் எழுத்தில் இவ்வளவு கவலை வைத்தவர்களைப் புரிந்து கொள்வது கடினமன்று.

வீட்டு விளக்கு

'ஷ்லோம் பாயித்' என்றால் வீட்டின் சமாதானம். கணவன் மனைவிக்குள் இருக்க வேண்டிய மன ஒற்றுமை. தால்முத் என்னும் பெருநூலில் இதைப் பற்றி ஒரு சட்டப் பிரச்னை எழுகிறது. ஓர் ஏழைக் குடும்பம். கையில் இருக்கும் காசு ஒரே ஒரு விளக்குக்குத்தான் போதும். அன்றைக்கு ஓய்வு நாளும் வந்திருக்கிறது. ஹனுக்கா என்னும் திருவிழாவும் வந்திருக்கிறது. வீட்டுக்குள் ஓய்வு நாள் விளக்கை ஏற்றுவதா? உலகம் காணத் திருவிழா விளக்கை ஏற்றுவதா? ராவா என்னும் ஞானியின் தீர்ப்பு: வீட்டு விளக்கே முந்தியது, காரணம், ஷ்லோம் பாயித். இருட்டிலே உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் இடறி விழும் குடும்பத்தின் வாசலில் திருவிழா விளக்கு எரிந்து யாருக்கு என்ன லாபம்?

இன்னொரு கதை, ரப்பி மேயிர் என்னும் ஆசாரியரைப் பற்றியது. அவருடைய உபந்நியாசத்தைக் கேட்கப் போன ஒரு பெண்மணி வீடு திரும்ப நேரமாகி விட்டது. கணவனுக்குக் கோபம். "அந்த உபந்நியாசகர் முகத்தில் துப்பி விட்டு வந்தாலொழிய இந்த வாசற்படியை மிதிக்காதே" என்று சபதம் செய்து விட்டான். விஷயம் ரப்பியின் காதுக்கு எட்டியது. மறுநாள் அந்தப் பெண்மணி வந்தபோது, ரப்பி தமக்குக் கண்வலி என்றும், மந்திரித்து ஏழு முறை கண்ணில் துப்பினால் குணமாகும் என்றும் பாவனை செய்து, அவளையே துப்பச் சொன்னார். ஆன பிறகு, "உன் புருஷனிடம் போய்ச் சொல்: நீ ஒரு தரம் துப்பச் சொன்னாய், நான் ஏழு தரம் துப்பி விட்டேன் என்று" எனக் கூறி அனுப்பினாராம். சிஷ்யர்கள் பதறினார்கள், வேதத்துக்கே இழுக்கு என்றார்கள். ஒரு குடும்பத்துக்குள் சமாதானம் உண்டாவதற்குத் தம் மரியாதை ஒரு பொருட்டல்ல என்பதே அவருடைய சமாதானம்.

பார்த்தீர்களா, இந்தக் கடைசி வாக்கியத்தில் 'சமாதானம்' என்பதை நாமே இரண்டு அர்த்தத்தில் உபயோகித்து விட்டோம்! குற்றம் செய்தவன் சொல்லும் சாக்குக்கும் தமிழில் சமாதானம் என்றுதான் பெயர். "என்ன சமாதானம் சொல்கிறாய்?" என்று வீட்டுப்பாடம் எழுதி வராத பையனைக் கேட்கிறோம். வாயால் சொல்லித் தப்பித்துக் கொள்ளக் கூடிய சமாதானம் ஒன்று உண்டு என்று நம் பாஷை அறிந்து வைத்திருக்கிறது. எபிரெய பாஷை அறிந்து வைத்திருப்பது வேறொரு விஷயம்.

கடனும் சமாதானமும்

அந்நாட்டில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கினால், பணம் கொடுப்பதற்கு என்ன சொல் தெரியுமா? 'லெஷலேம்'. அதே ஷ்-ல்-ம்! கொடுக்கும் தொகைக்குத் 'தஷ்லூம்'. தவணை முறையில் அலமாரியோ கைபேசியோ வாங்கினால் 'தஷ்லூமீம்'. "இந்த வியாபாரம் கட்டுபடியாகுமா?" என்று கேட்க வேண்டுமானாலும் இந்த வேரிலிருந்தே 'மிஷ்தலேம்' என்ற சொல் வருகிறது. கடன் பட்டிருக்கும் வரையில் எங்கேயோ ஒரு குறை நிற்கிறது. கொடுத்துத் தீர்த்ததும் குறை நிறைகிறது. கொடுத்துத் தீர்ப்பதும் முழுமையாவதும் சமாதானமாவதும் ஒரே வேரின் மூன்று கிளைகள்.

பழைய வேதத்தின் சட்டப் பகுதியில் இந்த வினைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. குழி வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு செய்ய வேண்டும். மூட்டிய நெருப்பு பரவி அயலான் பயிரை அழித்தால், மூட்டியவன் ஈடு செய்ய வேண்டும். ஆட்டைத் திருடி அறுத்தவன் ஒன்றுக்கு நாலாகவும், மாட்டைத் திருடி அறுத்தவன் ஒன்றுக்கு ஐந்தாகவும் கொடுக்க வேண்டும். இங்கெல்லாம் 'ஈடு செய்தல்' என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் 'யெஷலேம்'.

இதை அறிந்து கொண்டு தாவீது ராஜாவின் கதையைப் படித்தால் மயிர்க்கூச்செறிகிறது. உரியா என்னும் போர்வீரன் யுத்தகளத்தில் இருக்கையில், ராஜா அவன் மனைவியை அபகரித்தான். விஷயத்தை மறைப்பதற்காக உரியாவைத் தலைநகருக்கு வரவழைத்தான். வந்தவனிடம் மூன்று ஷாலோம்களை விசாரித்தான்: சேனாபதியின் ஷாலோம், ஜனங்களின் ஷாலோம், யுத்தத்தின் ஷாலோம்! யுத்தத்தின் சமாதானத்தை விசாரித்த அந்த வாயே, பின்னர் அந்த வீரனைப் போர்முனையில் சாகும்படி விட்டுவிட உத்தரவு எழுதி, அந்தக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பியது. அடுத்த அத்தியாயத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொல்லுகிறார். ராஜா கொதித்து எழுந்து, அந்தப் பணக்காரன் நாலத்தனையாக 'யெஷலேம்' என்று தீர்ப்பளிக்கிறான். கதையிலுள்ள பணக்காரன் தானே என்பது அவனுக்கு அப்போது தெரியாது. உதட்டால் ஷாலோம் விசாரித்தவனைக் கடைசியில் அதே வேர்ச்சொல்லே பிடித்துக் கொண்டது.

இந்த தாவீதின் புதல்வர்களில் இருவர் பெயரில் ஷாலோம் உண்டு. ஒருவன் அப்சலோம், தகப்பனை எதிர்த்துக் கலகம் செய்து மாண்டான். மற்றவன் ஷ்லோமோ, நாம் சாலமோன் என்று அறிந்தவன். பெயர் மட்டும் சமாதானத்தைக் கொண்டு வந்து விடாது என்பதற்கு அந்தக் குடும்பமே சாட்சி.

உறவினர்கள்

அரபியின் 'ஸலாம்' நம் ஊருக்கு நன்றாகத் தெரிந்த சொல். 'ஷாலோம்', 'ஸலாம்' இரண்டும் கூடப் பிறந்தவை. எபிரெயத்தில் 'ஷ' வரும் பல இடங்களில் அரபியில் 'ஸ' வரும். அரபியின் 'ஆ' பல இடங்களில் எபிரெயத்தில் 'ஓ' ஆகும். நம்முடைய 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆகிறதே, அதுபோல. முஸ்லிம் அன்பர் ஒருவர் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றால், மற்றவர் சொற்களை முன்பின்னாக்கி 'வ அலைக்கும் ஸலாம்' என்பார். யூதர்களின் பழைய முறையும் அப்படியே: 'ஷாலோம் அலேக்கெம்' என்பதற்குப் பதில் 'அலேக்கெம் ஷாலோம்'. இஸ்லாம், முஸ்லிம் என்னும் சொற்களும் ஸ்-ல்-ம் வேரிலிருந்தே வந்தவை. இறைவனின் திருநாமங்களுள் 'அஸ்ஸலாம்' ஒன்று என்பது முஸ்லிம்கள் கொள்கை. ஷாலோம் இறைவன் திருநாமம் ஆகையால் குளிக்கும் இடத்தில் நின்று கொண்டு அதை உச்சரிக்கலாகாது என்பது தால்முத்தின் விதி. கேரளத்து ஸிரியன் கிறிஸ்தவர்களின் சுரியானி வழிபாட்டில் கேட்கும் 'ஷ்லாமா'வும் இந்தக் குடும்பத்தில் ஒருவர்தான்.

தமிழில் மட்டும் இந்தச் சொல்லுக்கு ஒரு கெட்ட காலம் நேர்ந்தது. "உன் மேல் சமாதானம் உண்டாவதாக" என்று சமமானவர்கள் வாழ்த்திக் கொள்ளும் சொல்லை, துரைமார் முன்னால் குனிந்து 'சலாம் போடுவது' என்று ஆக்கி விட்டோம். அடிமை வாழ்வு சொற்களையும் முதுகு வளைய வைத்து விடுகிறது.

முதுகு வளையாத ஒருவரும் இந்த வேரிலிருந்தே பெயர் பெற்றிருந்தார். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைப் பார்த்த நேயர்கள் இருக்கலாம். அந்தச் சமூகத்தில் ஒரு பகுதியினர், முன்னோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சமவுரிமை இன்றி ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் ஸாலம். (நமது சேலம் ஜில்லாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.) சென்னையில் படித்து வக்கீலானார், 1929-ல் லாகூர் காங்கிரஸுக்குச் சென்றார். தம் சொந்த ஆலயத்திலேயே சத்தியாக்கிரக முறையில் போராடினார். ஜனங்கள் அவரை 'யூத காந்தி' என்று அழைத்தார்கள். காலப்போக்கில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1967-ல் அவர் காலமானார். அந்த ஆலயத்தில் எத்தனையோ தலைமுறைகளாக எல்லாரும் ஷாலோம் கூறித்தான் வந்தார்கள். ஆனால் பின்னால் உட்கார வைக்கப்பட்டவனுக்குச் சேர வேண்டியது சேரும் வரையில், அது குறையுள்ள ஷாலோமாகவே இருந்தது.

பையனின் கேள்வி

இனிப் பையனின் கேள்விக்கு வருவோம். அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஏனெனில் அந்நாட்டின் சமீப சரித்திரம் அவன் பக்கம் பேசுகிறது.

1982 ஜூன் மாதத்தில் இஸ்ரேல் ராணுவம் லெபனானுக்குள் புகுந்தது. அந்தப் படையெடுப்புக்கு இடப்பட்ட பெயர் 'ஷ்லோம் ஹகலீல்', கலிலேயாவின் சமாதானம். தெற்கு லெபனானிலிருந்து கடைசிச் சிப்பாய் வெளியேற 2000-ம் வருஷம் மே மாதம் ஆயிற்று. காஸா, எகிப்து, இஸ்ரேல் மூன்றும் சந்திக்கும் மூலையில் உள்ள ஊருக்கும் எல்லைக் கடவுக்கும் 'கெரெம் ஷாலோம்' என்று பெயர். சமாதானத்தின் திராட்சைத் தோட்டம். அரபியில் அந்தக் கடவை 'கரம் அபூ ஸாலிம்' என்பார்கள். அங்கேயும் அதே வேர். 2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டபோது அந்த ஊரும் தாக்கப்பட்டது. அதன் பின் காஸாவில் நடந்த யுத்தத்தில் பல்லாயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள்; பசித்த ஜனங்களுக்கு உணவு கொண்டு போன லாரிகள் அந்தத் திராட்சைத் தோட்டத்தின் வாசலிலேதான் காத்துக் கிடந்தன.

சொல் தோற்றது என்று இதைக் கண்டு கூறி விடலாமா? சொல்லை மெய்யாக்க முயன்றவர்களும் அங்கே உண்டு. 1977 நவம்பரில் எகிப்தின் ஜனாதிபதி ஸதாத், அதுவரை எதிரியின் நகரமாயிருந்த ஜெருஸலத்துக்கே நேரில் சென்றார்; 1979 மார்ச் 26-ல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்து கொண்டன. 1981-ல் ஸதாத் தம் சொந்த நாட்டவராலேயே சுடப்பட்டார். இஸ்ரேலின் பிரதம மந்திரி ராபின், 1993-ல் பாலஸ்தீனத் தலைவர் அராபத்துடன் கைகுலுக்கினார். 1995 நவம்பர் 4-ந் தேதி இரவு டெல் அவீவ் நகரில் சமாதானக் கூட்டமொன்றில் பேசி விட்டு இறங்கி வருகையில் யூதன் ஒருவனாலேயே சுடப்பட்டார். கூட்டத்தில் பாடிய சமாதானப் பாட்டின் காகிதம் அவர் சட்டைப் பையில் ரத்தம் தோய்ந்து கிடந்தது. அன்றைய அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் தம் இரங்கலுரையை இரண்டு எபிரெயச் சொற்களால் முடித்தார்: 'ஷாலோம், ஹவேர்'. ஹவேர் என்றால் நண்பன். போய் வா என்று சொன்னாரா, சமாதானம் உண்டாகட்டும் என்று சொன்னாரா? இரண்டையும்தான். அந்தச் சொல்லில் இரண்டையும் பிரிக்க முடியாது.

ஜெருஸலத்துக்கும் டெல் அவீவுக்கும் இடையே 1970-களில் ஒரு சிறு கிராமம் தோன்றியது. யூதர்களும் அரபியர்களும் மனமுவந்து சேர்ந்து குடியேறிய ஊர். அதற்கு இரண்டு பாஷையிலும் பெயர் உண்டு: 'நெவே ஷாலோம்', 'வாஹத் அஸ்ஸலாம்'. அங்கேயுள்ள பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் எபிரெயம், அரபி இரண்டையும் கற்கிறார்கள். ஊர் சிறியது, யுத்தங்களை அதனால் நிறுத்த முடியவில்லை. ஆயினும், 'மா ஷ்லோம்கா' என்று கேட்டு விட்டுப் பதிலையும் நின்று கேட்கிறவர்கள் சிலராவது இருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

உடைந்த எழுத்து

கடைசியாக ஒன்று. யூதர்கள் தங்கள் வேதச் சுருளைத் தோலில் கையால் எழுதுகிறார்கள். ஓர் எழுத்து உடைந்திருந்தாலும் அந்தச் சுருள் வாசிக்கத் தகாதது. இந்த விதிக்கு ஓர் அபூர்வமான விலக்கு உண்டு. அது ஷாலோம் என்னும் சொல்லில் இருக்கிறது. எண்ணாகமத்தில் பினெகாஸ் என்னும் புரோகிதன், ஜாதியைக் காக்கும் வைராக்கியத்தில் இருவரை ஒரே ஈட்டியால் குத்திக் கொன்றான். அவனுக்கு 'சமாதான உடன்படிக்கை' அருளப்பட்டது என்று வேதம் சொல்லுகிறது. அந்த இடத்தில் ஷாலோம் என்று எழுதும்போது, நடுவிலுள்ள 'வாவ்' என்னும் நெட்டுக்கோட்டு எழுத்தை முறித்து, இடையில் வெளி விட்டே எழுத வேண்டும் என்பது பரம்பரை வழக்கம். இதற்கு வியாக்கியானங்கள் பல. ஈட்டியினால் வந்த சமாதானம் முழுச் சமாதானமாகாது என்று சொல்பவர்கள் பலர். நமக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. வேதத்திலே எழுதியிருப்பதை மறுக்க அந்த எழுத்தர்களுக்கு அதிகாரமில்லை. ஆனால் எழுத்தை முறித்து எழுதினார்கள். சுருளை வாசிக்கிறவன் கண்ணில் அந்த முறிவு ஆண்டுதோறும் பட்டுக் கொண்டே இருக்கும்.

ஆகையால், கடைசிப் பெஞ்சிப் பையனுக்கு நம் பதில் இது. அப்பா, அந்த ஜனங்கள் தினம் நூறு முறை சொல்வது, "எங்களிடம் சமாதானம் இருக்கிறது" என்பதல்ல. சொல்லுகிறவர்கள் எண்ணிச் சொன்னாலும் எண்ணாமல் சொன்னாலும், "உனக்கு ஒன்றும் குறையாதிருக்கட்டும்" என்பதே அதன் பொருள். அயலானுக்கு ஒன்று குறைந்திருக்கையில், அந்தக் குறை நம்மால் வந்திருக்கையில், சொல் மட்டும் போதாது. கொடுத்துத் தீர்க்க வேண்டும். கொடுத்துத் தீர்க்காத இடத்தில் அந்தச் சொல் முறிந்த எழுத்தோடுதான் நிற்கும். அந்த நாட்டில் மட்டுமல்ல. நம் தெருவிலும், நம் வீட்டிலும், நம் வகுப்பிலும் அப்படியே.

நாமும் உனக்கு ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் சிரிக்கும்படி உன்னை உட்கார வைத்தோமே, அந்தக் கடன். முழுவதும் தீர்ந்து விட்டதாக நாம் எண்ணவில்லை; இதை முதல் தவணையாக வைத்துக் கொள். பரீட்சை முடிந்து நீ சொல்லிக் கொண்டு போக வரும்போது, "லெக் லெஷாலோம்" என்போம். அதற்கு அர்த்தம் இப்போது உனக்குத் தெரியும்.